ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடாத இருவாச்சி

நீர்மத்திச் சோலையில் ஓர் ஆண் இருவாச்சிப் பறவை உயிரோடு இருக்கிறது என்று பெரிய காது அறிவித்த அன்று, கூட்டத்திலிருந்த எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாக்யநாதனும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டினார். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தட்டினார். வால்பாறைக்கு மேலே இருந்த அந்தப் பள்ளத்தாக்கில் அவரை வேலைக்குப் போட்டதே இருவாச்சியைத் தேடத்தான். தலை நரைத்தது, நரைத்ததும் கொட்டியது, முழங்கால் வலி வந்தது, இருவாச்சி மட்டும் வந்தபாடில்லை.

பெரிய காது என்பது ஊழியர்கள் வைத்த பெயர். அரசாங்கம் வைத்த பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம். மரத்துக்கு மரம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அவை கேட்கும் சத்தத்தையெல்லாம் கோயம்புத்தூரில் ஓர் இயந்திரம் அலசி, எந்த உயிர் இருக்கிறது, எது போய்விட்டது, காடு எவ்வளவு தேறியிருக்கிறது என்று சொல்லிவிடும். முன்பெல்லாம் இதைச் சொல்வதற்குத் தொப்பியும் பைனாகுலருமாகப் பாக்யநாதன் மாதிரி ஆட்கள் அலைந்தார்கள். இப்போதும் அலைகிறார்கள், கருவிகளுக்குப் பேட்டரி மாற்றுவதற்காக.

“கேளுங்க, கேளுங்க” என்று இயக்குநர் அமலோற்பவம் சிரித்தபடி திரையில் இருந்ததைப் படித்தார். “வயதான ஆண். குரலில் லேசான கரகரப்பு. காலையில் மரப்பாலத்துக்குப் பக்கத்தில் கூப்பிடுகிறது. மழைக்காலத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. தீபாவளி வாரம் முழுக்கச் சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எங்கோ போய்விடுகிறது.”

பாக்யநாதனின் கைதட்டல் பாதியில் நின்றது.

காலையில் மரப்பாலத்துக்குப் பக்கத்தில் கூப்பிடுவது அவர்தான். பறவை பார்க்கிறவர்களிடம் உள்ள பழக்கம் அது. காட்டுக்குள் கால் வைத்ததும் உள்ளங்கைகளைக் குவித்து, அடித்தொண்டையிலிருந்து இருவாச்சி மாதிரி கொக், கொக் என்று கூப்பிடுவார். பிறகு பதிலுக்காக நிற்பார். பதில் வராது. கோயிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வது மாதிரி, வருமா வராதா என்ற கேள்வியே இல்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. தீபாவளிக்கு மாமனார் வீடு. மழைக்காலத்தில் சளி.

ஊழியர்களின் பேச்சைப் பதிவில் வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். பெரிய காது சட்டத்தை மதிக்கிற இயந்திரம். அவர் மனிதனாகப் பேசியதையெல்லாம் அழித்துவிட்டு, பறவையாகப் பேசியதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தது.

அப்போதே எழுந்து, அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் கால் மரத்துப்போவது அவருடைய நெடுநாளைய திறமை. அதோடு, பாட்டுப்போட்டியில்கூட ஆறுதல் பரிசு வாங்காத அந்தக் குரலுக்கு ஒரு சபையே எழுந்து நின்றிருக்கிறது. நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டார்.

மறுநாள் அவர் அமலோற்பவத்தின் அறைக்குப் போவதற்குள் விஷயம் கைமீறிப் போயிருந்தது.

“பாவம், ஒண்டிக்கட்டையா கிடந்திருக்கான்” என்றார் அமலோற்பவம். “கூண்டுல வளர்ந்த பொண்ணு ஒண்ணு இனப்பெருக்க மையத்துல இருக்கு. மேலிடத்துல பேசி அனுமதி வாங்கிட்டேன். அடுத்த வாரம் வந்துரும். நீங்கதான் கூட இருந்து பார்த்துக்கணும். உங்களை விட்டா அவனைத் தெரிஞ்சவங்க யாரு?”

“அவனை எனக்கு நல்லாவே தெரியும் மேடம்” என்றார் பாக்யநாதன்.

பெண் இருவாச்சி ஜீப்பில் வந்தது. வண்டி ஓட்டியவர் ஜப்பார், பொள்ளாச்சிக்காரர். வழியெல்லாம் கூண்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பள்ளத்தாக்கின் சரிவில் கூண்டை வைத்துக் கொஞ்ச நாள் பழக்கிவிட்டு, கதவைத் திறந்துவிட்டார்கள். பாக்யநாதன் வாயை இறுக்க மூடிக்கொண்டார். இனி இந்தக் காட்டில் மூச்சுகூடச் சத்தமாக விடுவதில்லை என்று தீர்மானம். ஆண் இருவாச்சி இல்லை என்று பெரிய காதே கண்டுபிடிக்கட்டும், பெண்ணைத் திரும்பக் கொண்டுபோகட்டும், நம் மானமும் தப்பட்டும் என்பது கணக்கு.

ஆனால் திறந்த கூண்டின் மேலேயே பெண் உட்கார்ந்திருந்தது. பறக்கவில்லை, வைத்த பழத்தைத் தொடவில்லை. பெரிய காது சிவப்பு எச்சரிக்கை கொடுத்தது: ஆண் மௌனம். அமலோற்பவம் போனில் கூப்பிட்டார்.

“எங்கே போனான் அவன்?”

“லீவுல இருக்கான் மேடம்.”

“என்னது?”

“இல்ல மேடம். வருவான்.”

மறுநாள் காலையும் அது அப்படியே குறுகி உட்கார்ந்திருந்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஒரே ஒரு தடவை, அதைச் சாப்பிட வைக்கத்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாக்யநாதன் உள்ளங்கையைக் குவித்தார்.

கொக். கொக்.

சரிவிலிருந்து பதில் வந்தது.

வாழ்நாளெல்லாம் அவர் கேட்டு நின்ற பதில். முதலில் நம்பாமல் இன்னொரு முறை கூப்பிட்டார். இன்னொரு முறையும் வந்தது. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். அரசாங்கச் சட்டையின் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதார். அதற்குப் பிறகு வாயை மூடுவது அவரால் ஆகிற காரியமாக இல்லை. தினமும் கூப்பிட்டார். அது அவர் குரலைத் தேடிப் பறந்தது, இச்சி மரத்தில் பழம் தின்றது, அவர் போகிற பக்கமெல்லாம் மரத்துக்கு மரம் தாவி வந்தது. பறக்கப் பயிற்சி கொடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டார்.

“சார், வீட்ல அக்காவுக்கு இது தெரியுங்களா?” என்றார் ஜப்பார்.

“என்ன தெரியணும்?”

“காத்தால எந்திரிச்சுக் குளிச்சு, தலைய சீவிட்டு, பொம்பளக் குருவியப் பாக்கக் கெளம்பிர்றீங்களே, அதுதானுங்.”

பாக்யநாதன் அன்றைக்குத் தலை சீவாமல் போனார்.

பிப்ரவரியில் ஒரு நாள் பெண்ணைக் காணவில்லை. கூப்பிட்டால் பதில் மட்டும் வந்தது, அடங்கின குரலில், பெட்டிக்குள்ளிருந்து வருவது மாதிரி. தேடிப் போனார்கள். பாறைச் சரிவை ஒட்டி நின்ற பழைய குங்கிலிய மரத்தின் பொந்துக்குள் அது போய் உட்கார்ந்து, எச்சத்தாலும் பழச்சக்கையாலும் வாசலைப் பூசி அடைத்திருந்தது. அலகு மட்டும் நுழைகிற கீறல் ஒன்று பாக்கி.

“அடக் கொடுமையே” என்று பாக்யநாதன் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஏனுங் சார், கூடு வெச்சா நல்லதுதானுங்?”

“ஜப்பார், இருவாச்சிப் பொண்ணு உள்ள போய்ப் பூசிக்கிட்டா மாசக்கணக்கா வெளியே வராது. சிறகெல்லாம் உதிர்ந்துரும். மறுபடி முளைக்கிற வரைக்கும் பறக்க முடியாது. ஆண் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியா ஊட்டணும். ஆண் வரலைன்னா உள்ளேயே பட்டினி கிடந்து செத்துரும்.”

“செரி, அந்த ஆம்பள எங்க இருக்குதுங்?”

பாக்யநாதன் உள்ளங்கைகளைக் குவித்துக் காட்டினார். ஜப்பார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்றே பாக்யநாதன் அமலோற்பவத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பாலம், பழக்கம், ஞாயிற்றுக்கிழமை, மாமனார் வீடு, ஒன்றையும் விடவில்லை. அமலோற்பவம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“இங்கேயே கூப்பிட்டுக் காட்டுங்க” என்று மேஜை மேலிருந்த மைக்கைத் தள்ளினார்.

அவர் கூப்பிட்டார். வெளியே யாரோ டீ டம்ளரைக் கீழே போட்டார்கள். திரையில் எழுத்து வந்தது: பெரிய இருவாச்சி, ஆண், நீர்மத்திச் சோலை. ஐயமில்லை.

“பார்த்தீங்களா மேடம்!”

“பார்த்தேன். அருமையா மிமிக்ரி பண்றீங்க” என்றார் அமலோற்பவம். “ஆனா இதுல இருந்து என்ன தெரியுது? அவன் எப்படிக் கூப்பிடுவானோ அப்படியே நீங்க கூப்பிடறீங்க. அவ்வளவுதானே?”

“அவன்னு ஒருத்தன் இல்லையே மேடம். பெரிய காது கத்துக்கிட்டதே என்கிட்ட இருந்துதான்.”

“பெரிய காது ஒவ்வொரு காட்டுக்கும் தனித்தனியாக் கத்துக்கும் பாக்யநாதன். திருநெல்வேலிக்காரர் பேசறதும் கோயம்புத்தூர்க்காரர் பேசறதும் ஒண்ணாவா இருக்கு? பறவைக்கும் அப்படித்தான், வட்டாரத்துக்கு ஒரு பேச்சு. நீர்மத்திச் சோலைப் பேச்சு இதுன்னு அது முடிவு பண்ணிருச்சு. அதை விடுங்க. ஒரு நிஜமான இருவாச்சியே அவனை நம்பிக் கூடு கட்டியிருக்கு. இருவாச்சியைப் பத்தி அதைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமா?”

ரொம்ப நாளாகக் காட்டுக்குள் தனியாக இருக்கிறீர்கள், கொஞ்சம் ஓய்வு எடுங்கள் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார் அமலோற்பவம்.

அவர் ஓய்வு எடுக்கவில்லை. நீளமான மூங்கில் கம்பின் நுனியில் வீட்டுச் சாம்பார்க் கரண்டியைக் கட்டினார். பாறை விளிம்பில் நின்று எட்டினால் கரண்டி பொந்தின் கீறலைத் தொட்டது. இச்சிப் பழத்தை வைத்து நீட்டினால் அலகு வெளியே வராது. கூப்பிட்டால் வரும். அதனால் ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முறை கூப்பிட வேண்டும். சம்பந்தம் பேசிக் கல்யாணம் பண்ணின மனைவிக்கு ஒரு நாள் காப்பி போட்டுக் கொடுத்ததில்லை. இங்கே முதுகை ஒடித்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் போனார். ஆண் இப்போது வாரம் முழுவதும் வருகிறது, பொறுப்பு கூடியிருக்கிறது என்று பெரிய காது பாராட்டியது.

ஆனால் சிரிப்பு அதிக நாள் நிற்கவில்லை. ஆண் இருவாச்சி ஒரு நாளில் எத்தனையோ தடவை பறந்து, எந்த மலையில் எது பழுத்திருக்கிறது என்று பார்த்துக் கொண்டுவரும். முழங்கால் வலிக்காரர் ஒருவர் எவ்வளவு ஏறி இறங்க முடியும்? பக்கத்து இச்சி மரங்கள் ஓய்ந்துவிட்டன. ஜப்பார் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து பப்பாளி வாங்கிவந்தார். பாதியை அது வாங்கிக்கொண்டது, மீதியைத் துப்பியது. பொந்திலிருந்து வந்த குரல் நாளுக்கு நாள் மெலிந்தது. வாசலை உடைத்து எடுத்தால் சிறகில்லாத பறவை காட்டிலும் பிழைக்காது, பயத்தில் கையிலும் பிழைக்காது. தன் பொய்யைச் சாப்பிட்டுக்கொண்டு அது உள்ளே செத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு காலையில் கரண்டியை நீட்டியபடி கூப்பிட்டபோது, மேலே ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி சத்தம் கேட்டது. பெரிய சிறகுகள். மஞ்சள் கொண்டை வைத்த அலகு. கேரளப் பக்கத்து மலையைத் தாண்டி, இங்கே யாரோ ஓர் ஆண் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறானே, யாரவன் என்று பார்க்க வந்த நிஜமான ஆண் இருவாச்சி. எதிர் மரத்தில் உட்கார்ந்து அவரையும் கரண்டியையும் பார்த்தது. பிறகு பறந்துபோய்விட்டது.

பாக்யநாதன் கம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் ஒளிந்தார். வெயில் ஏறும் வரை அசையவில்லை. அது திரும்பி வந்தது. கூப்பிட்டது, அவர் கூப்பிட்டதை விடக் கனமாக, வேறு ராகத்தில். பொந்திலிருந்து முதலில் பதிலில்லை. பிறகு மெதுவாகக் கீறலில் அலகு நீண்டது. ஆண் தொண்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பழத்தை எடுத்து ஊட்டியது.

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள் அவள். ஒன்றைக்கூடத் துப்பவில்லை. பாக்யநாதனுக்கு உயிர் வந்தது. கூடவே, சொன்னால் வெட்கக்கேடு, வயிறும் எரிந்தது.

அன்று சாயங்காலமே அலுவலகத்திலிருந்து அழைப்பு. அமலோற்பவம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். திரையில் சிவப்பு எழுத்து: மனிதக் குரல். இருவாச்சி போலப் போலிச் சத்தம். கூட்டுக்கு மிக அருகில்.

“வேட்டைக்காரன்” என்றார் அமலோற்பவம். “கூட்டைத் திருட வந்திருக்கான். நாளைக்குக் காலையில நாய், டிரோன், இருபது ஆள், எல்லாத்தையும் உள்ளே இறக்குறேன்.”

“மேடம், அதுதான் மேடம் நிஜ இருவாச்சி! நான் கண்ணால பார்த்தேன்.”

“பேச்சு வேற மாதிரி இருக்குன்னு பெரிய காது சொல்லுது.”

“அது கேரளாவுல இருந்து வந்திருக்கு மேடம்! வேற மாதிரிதானே இருக்கும்?”

“பாக்யநாதன், முதல்ல நான்தான் பறவைன்னீங்க. இப்ப மனுசனைப் பறவைங்கறீங்க. நான் எதை நம்பறது?”

நாயும் டிரோனும் உள்ளே போனால் அந்த ஆண் மலையைத் தாண்டி ஓடிவிடும், திரும்பவே வராது. பொந்துக்குள் இருப்பவள் இனிப் பப்பாளியில் பிழைக்க மாட்டாள். அவர் ஒரு கணம் யோசித்தார். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் மரத்துப்போகிற கால் அன்றைக்கு மரத்துப்போகவில்லை. அவர் எழுந்து நின்றார்.

“அது நான்தான் மேடம்.”

“எது?”

“அந்தப் போலிக் குரல். நான்தான் கூட்டுகிட்டப் போய்க் கத்தினேன். என்னை நம்பலைங்கற கோபத்துல குரலை மாத்திக் கத்தினேன்.”

இந்த முறை யாரும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லவில்லை. மைக்கைத் தள்ளவில்லை. உண்மையைச் சொன்னபோது ஆயிரம் கேள்வி கேட்டவர்கள் பொய்யைச் சொன்னதும் உடனே நம்பிவிட்டார்கள். அமலோற்பவத்தின் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

“உங்களைப் போய் நான் எவ்வளவு மதிச்சேன்” என்றார். “அடையாள வில்லையைக் கழற்றி வைங்க. இனி நீங்க அந்தக் காட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. யாரும் வைக்கக் கூடாது. கூடு கலைஞ்சுரக் கூடாதுன்னுதான் இப்ப ஆள் அனுப்பாம இருக்கேன். கூட்டுக் காலம் முடியட்டும், உங்களை வெச்சுக்கறேன்.”

அவர் வில்லையைக் கழற்றி வைத்தார். பொள்ளாச்சியில் வீட்டில் உட்கார்ந்தார். மனைவி காரணம் கேட்டபோது, வேலையில் வாய் நீளம் என்று எடுத்துவிட்டார்கள் என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்தார்கள். பழைய சகாக்கள் கடைத்தெருவில் பார்த்தால் செருப்புக் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சில நாளுக்கு ஒரு தடவை அமலோற்பவம் போனில் கூப்பிட்டுத் திட்டுவார்.

“நேத்தும் உள்ளே போயிருக்கீங்க. அந்தப் போலிக் குரலுக்குப் பெரிய காதுல உங்க பேரைத்தான் குடுத்து வெச்சிருக்கு, அது உங்க பேர் போட்டே காட்டுது. உங்களுக்குப் பயந்து அவன் சத்தமே போடாம ஊட்டிட்டுப் போறான் போல.”

“ஆமா மேடம். மன்னிச்சுருங்க மேடம்.”

போனை வைத்ததும் பாக்யநாதன் ஒரு டம்ளர் காப்பி போட்டு மனைவிக்கும் கொடுப்பார். நேற்றும் அது வந்திருக்கிறது, ஊட்டியிருக்கிறது என்று அர்த்தம். திட்டு வராத வாரத்தில் அவருக்குத் தூக்கம் வராது. ஆளை விட்டு வேவு பார்க்க முடியாது, காட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் முடியாது. அவர் போய் ஒரு தடவை இருமினால்கூடப் போதும், அந்த ஆண் போட்டிக்காரன் வந்துவிட்டான் என்று ஒதுங்கிவிடும். வாழ்நாளெல்லாம் கூப்பிட்டுத் திரிந்த மனிதர், ஒரு பறவை பிழைக்க வேண்டுமென்றால் தன் சத்தம் அங்கே இருக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்ள இவ்வளவு வயதா ஆக வேண்டும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

தென்மேற்குப் பருவம் பிடித்துக்கொண்டது. திட்டு நின்றுபோனது. ஒரு வாரம் ஆனது, இன்னொன்றும் ஆனது. மழையில் பழம் கிடைக்கவில்லையோ, ஆண் விட்டுவிட்டுப் போய்விட்டதோ, பாறைச் சரிவு இறங்கிவிட்டதோ. யாரிடமும் கேட்க முடியாது.

மனைவியின் தங்கையை வழியனுப்பப் பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

“எங்க இருக்கீங்க?” என்றார் அமலோற்பவம். குரல் என்னவோ மாதிரி இருந்தது.

“காட்டுலதான் மேடம்” என்றார் பாக்யநாதன் பழக்கத்தில்.

“உடுமலை, பழனி! உடுமலை, பழனி!” என்று கண்டக்டர் அவர் காதருகே கத்தினார்.



“இப்பவா? இந்த நிமிஷமா?”

“ஆமா மேடம்.”

“எல்லாம் ஏறுங்க! பழனி போறவங்க முன்னாடி வாங்க!”

“பாக்யநாதன்” என்றார் அமலோற்பவம், ரொம்ப மெதுவாக. “பெரிய காது என் முன்னாடிதான் இருக்கு. நீங்க இப்பப் பள்ளத்தாக்குல கூப்பிட்டுக்கிட்டே போறீங்கன்னு சொல்லுது. கூட ஒரு பெண் இருவாச்சி பதில் கொடுக்குது. ரெண்டு குரலும் ஒரே இடத்துல நிக்கல. மரத்துக்கு மேலயே நகர்ந்து போகுது.”

அவர் யாருடையதோ வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். “பறக்குதா மேடம்? அவ பறக்குறாளா?”

“பறக்குறா.”

பழனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. மனைவியின் தங்கை ஜன்னலில் கை காட்டினாள். அவருக்குத் தெரியவில்லை, கண் நிறைந்திருந்தது. பஸ் போய் முடிகிற வரைக்கும் அமலோற்பவம் போனை வைக்கவில்லை.

“அந்தக் குரலுக்கு உங்க பேரை எடுத்துட்டு இருவாச்சின்னு மாத்திப் போடச் சொன்னா, மேலிடத்துல இருந்து ஆளும் கேமராவுமா உள்ளே இறங்கிருவாங்க” என்றார் கடைசியில். “பாக்யநாதன்.”

“மேடம்.”

“நீங்க காட்டுலயே இருங்க.”